ஆறாவது விதிப்படி சுத்தமான காற்று

உலகத்தில் காற்றைச் சுத்தம் செய்தவர்கள் பலர் இருக்கலாம். ஆனால் காற்றின் மேல் சுண்டுவிரல்கூடப் படாமல் அதைச் சுத்தம் செய்து காட்டிய பெருமை எங்கள் அலுவலகம் ஒன்றுக்கே உரியது. 'உள்ளறைக் காற்றுப் பாதுகாப்பு இயக்ககம்' என்பது எங்கள் திருநாமம். நான் அதன் கண்காணிப்பாளர். எதைக் கண்காணிக்கிறீர்கள் என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள். அது அலுவலக ரகசியம் என்று சொல்லிவிடுவேன்.

இயக்ககம் இருப்பது மாடியில். கீழே ஒரு டிரை வாஷ் கடை. கடைக்காரர் வேறு யாருமில்லை, எங்கள் இயக்குநரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. கோட்டையும் கம்பளியையும் ஒரு பெரிய மெஷினில் போட்டு, தண்ணீருக்குப் பதிலாக ஏதோ ஒரு கரைப்பானை ஊற்றி அலசுவார். துணியின் அழுக்குப் போய்விடும். ஆவியாகிற கரைப்பான் எங்கே போகும்? மேலேதான் வரும். எப்போதோ ஒரு குழாயைப் பிடுங்கிய இடத்தில் எங்கள் தரையில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாக ஆவி நேரே தபால் பிரிவுக்குள் நுழைந்தது. மத்தியானமானால் எல்லோருக்கும் கண்ணைச் சொருகும். அலுவலகத்தில் தூக்கம் புதிதில்லையாதலால் யாரும் சந்தேகப்படவில்லை.

தபால் பிரிவில் இருந்த பெண்ணை எல்லோரும் 'தபால்' என்றே கூப்பிடுவோம். கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் ஏங்கிக் கிடந்து, இப்போதுதான் மாசமாக இருந்தாள். முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான்.

"சார், தலை சுத்துது. அந்த ஓட்டைகிட்ட உட்காரவே முடியல."

"மாசமா இருந்தா தலை சுத்தத்தானேம்மா செய்யும்?" என்றேன். மருத்துவமும் எனக்குக் கொஞ்சம் வரும்.

"நம்ம பியூன் அண்ணனுக்கும் சுத்துதே சார்! அவரும் மாசமா?"

இந்தச் சிக்கலான கேள்வியை ஆராய ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. ஜன்னலைத் திறக்கலாமா என்பது பரிசீலிக்கப்பட்டது. திறந்தால் உள்ளறைக் காற்று வெளிக்காற்றோடு கலந்துவிடும். வெளிக்காற்று வேறு இலாகா. ஆகவே அந்த யோசனை கைவிடப்பட்டு, டீ வழங்கப்பட்டது.

அப்படியும் அவள் விடவில்லை. கடைசியில், காற்றில் கலந்திருப்பதை அளக்கிற எங்கள் கருவிக்காரரைக் கூப்பிட்டோம். ஊரில் உள்ள அறைகளையெல்லாம் அளந்தவர், சொந்த அலுவலகத்தை மட்டும் அளந்ததே இல்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் கருவியை வைத்தார். முகம் வெளிறிப்போனது.

"சார், அளவு எக்கச்சக்கமா இருக்கு. இந்த ரூம்ல மாசமா யாராவது இருக்காங்களா?"

தபால் கையைத் தூக்கினாள்.

"போச்சு! ஆறாவது விதி சார். இந்த அளவும் இருந்து, கர்ப்பிணியும் இருந்தா அன்னிக்கே நடவடிக்கை எடுக்கணும். வயித்துல இருக்கிற குழந்தையோட இதயம் சரியா உருவாகாமப் போகலாம். முதல்ல கீழே மெஷினை நிறுத்தச் சொல்லுங்க."

"மெஷினை நிறுத்துறதா?" இயக்குநர் பதறிப்போனார். "நான் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டாமாய்யா?"

"ஓட்டையையாவது அடைங்க சார்."

"அடைச்சா, ஓட்டை இருந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே!"

தபால் அழ ஆரம்பித்துவிட்டாள். "எத்தனை வருஷம் காத்திருந்து வந்த பிள்ளை சார். ஏதாவது பண்ணுங்க சார்."

பண்ணினேன். ஆறாவது விதியை எழுதியவனே நான்தான். அதன் சந்துபொந்தெல்லாம் எனக்கு அத்துப்படி. "சார், விதி என்ன சொல்லுது? அளவும் இருக்கணும், கர்ப்பிணியும் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா விதியே செல்லாது. அளவைக் குறைக்கிறது கஷ்டம். ஆனா..."

இயக்குநர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றைக்கே தபாலுக்குச் சம்பளமில்லாத விடுப்பு கொடுக்கப்பட்டது. 'தரையில் ஓட்டை ஏதும் இல்லை. ஆபத்துக்கான காரணம் அறையிலிருந்து அகற்றப்பட்டது' என்று ஆணை எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

வாசலில் நின்று அவள் கேட்டாள். "நான் போயிட்டா காத்து சுத்தமாயிடுமா சார்?"

"சட்டப்படி சுத்தம்மா."

"இத்தனை நாள் நான் மூச்சு விட்டதுக்கு?"

"முன்தேதியிட்டு நடவடிக்கை எடுக்க விதியில இடமில்லையேம்மா."

அவள் படியிறங்கிப் போனாள். கருவிக்காரர் மறுபடி அளந்தார். அளவு அதேதான். ஆனால் இப்போது அது வெறும் அளவு.

மனுஷன் அதோடு விட்டாரா? "சார், இதுல பெரிய ஆபத்தே ஆரம்ப வாரங்கள்லதான். மாசமா இருக்கிறது அவங்களுக்கே தெரியறதுக்கு முன்னாடி," என்று இழுத்தார்.

"அப்போ, தெரியறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க," என்றார் இயக்குநர். அப்படியே சுற்றறிக்கை போயிற்று.

என் மதிநுட்பத்துக்குப் பரிசு வேண்டாமா? தபாலின் காலி நாற்காலி என் மகளுக்குக் கிடைத்தது. புதிதாகக் கல்யாணமானவள். வேலைக்குச் சேருகிற அன்று காலையில் மனைவி என்னை அடுக்களைக்குள் இழுத்து, காதில் கிசுகிசுத்தாள். "அவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்குங்க. உறுதியாகட்டும், வெளியில மூச்சு விட்டுடாதீங்க."

'வேலைக்குப் போகாதே' என்று மகளிடம் சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். காற்று விஷம் என்று சொல்ல வேண்டும். விஷமில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பது நான். யோசித்துக்கொண்டே அலுவலகம் வந்து சேர்ந்துவிட்டோம்.

"வாம்மா," என்று இயக்குநர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "விசேஷம் ஏதாவது உண்டா? விதிக்காகக் கேக்கறேன்."

மகள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தாள். "இல்ல சார்."

"அப்போ காத்து சுத்தம். உட்காரும்மா."

"கொஞ்சம் இருங்க சார்," என்றேன். படியில் தடதடவென்று இறங்கித் தெருமுனைக் கடைக்கு ஓடினேன். ஒரு பொட்டலம் சிமெண்டோடு திரும்பி வந்து, முட்டி போட்டு, குழைத்த சிமெண்டைக் கையாலேயே ஓட்டைக்குள் அடைத்தேன்.

"யோவ், என்னய்யா பண்றே? ஓட்டையே இல்லைன்னுதானே எழுதியிருக்கோம்?" என்று இயக்குநர் அலறினார்.

"இல்லாத ஓட்டையை அடைச்சா யாருக்கு சார் நஷ்டம்?"

ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். எந்த இலாகாவும் ஆட்சேபிக்கவில்லை. கருவிக்காரர் வந்து அளந்தார். அளவு சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் சார் ஆச்சு இதுக்கு?" என்று கேட்டார்.

டீ ஆறுகிற நேரம்தான் ஆகியிருந்தது. தபால் அழுதபோது எங்களில் ஒருவரிடமும் அந்த நேரம் இருக்கவில்லை. அது அவள் பிள்ளை.