கப்பல் படிப்பும் காலி லாரியும்

இனி இந்த ஜென்மத்தில் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று லாரி எடைமேடைக்காரர் சபதம் செய்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்த அன்று செய்த சபதம். அதற்குள் மகள் பள்ளிப் படிப்பை முடித்துத் தொலைத்தாள். கப்பல் கட்டும் படிப்புத்தான் வேண்டுமாம். வீட்டில் ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது!

அந்தப் படிப்பு இருப்பது தூரத்துக் கல்லூரியில். விடுதி, கட்டணம், கடன். பக்கத்துக் கல்லூரியில் கணக்குப் படிக்கலாம், வீட்டிலிருந்தே போய்வரலாம். லாரிகளை எடை போட்டே தலை நரைத்த மனிதர், எடைச் சீட்டு ஒன்றின் பின்புறத்தில் இரண்டு கல்லூரிகளையும் எடை போட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"பாத்துக்கோ. தூரத்துக் காலேஜ், நான் ரிட்டயர் ஆன பிறகும் நாலு வருஷம் என் கழுத்துல தொங்கும். பக்கத்துக் காலேஜுக்குக் கால் காசு கடன் கிடையாது!"

மகள் சீட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். சின்ன வயதிலிருந்து அவர் கொண்டுவந்த சீட்டுகளின் பின்னால் கப்பலாக வரைந்து தள்ளிய பெண். ஆனாலும் சபதம் சபதம்தான்.

மனைவி சண்டைக்கே வரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நீங்க சொன்னா சரிதாங்க. ஒரே ஒரு சந்தேகம். ஒரு லாரியை எத்தனை தடவை எடை போடுவீங்க?"

"ரெண்டு தடவை. சரக்கோட ஒண்ணு, காலியா ஒண்ணு. கழிச்சாத்தானே சரக்கு எவ்வளவுன்னு தெரியும்?"

"இதை ஒரு தடவைதானே போட்டிருக்கீங்க? அவ இங்கேயே இருந்தா ஆகுறதைக் கழிக்கவே இல்லையே!"

"என்ன ஆகப்போகுது?"

"பக்கத்துக் காலேஜுக்கு மூணு பஸ் மாறணும். உங்க ஸ்கூட்டரைக் குடுத்துடுங்க. இப்பவே ஓட்டிப் பழகட்டும்."

"நான் எப்படி வேலைக்குப் போறது?"

"நடங்க. டாக்டரே சொன்னாரு. அப்புறம், அவ படிக்கிறதுக்கு உங்க டிவி ரூம்."

"அடிப்பாவி! மேட்ச்?"

"பக்கத்து வீட்டுல ஸ்கோர் கேட்டுக்குங்க. உங்க குறட்டையில அவ படிக்க முடியாது. மாடிப்படிக்குக் கீழே பாய் போட்டுடறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நாலே வருஷம். கணக்குச் சொல்லிக்குடுக்க என் தம்பி வர்றான். அவனும் உங்க பக்கத்துலயே படுத்துக்குவான்."

மச்சான் மறுநாளே இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினார். வாங்கிய கடனை வட்டியோடு திருப்பிக் கட்டுவது அல்பங்கள் செய்கிற வேலை என்று நினைப்பவர். மூன்று ராத்திரி மாடிப்படிக்கடியில் அவருடைய தொழில் யோசனைகளைக் கேட்டுக்கொண்டு கிடந்தார் எடைமேடைக்காரர். மூன்று பகல் வெயிலில் நடந்தார். லாரி டிரைவர்கள் ஹாரன் அடித்துத் துக்கம் விசாரித்தார்கள்.

நான்காம் நாள் சபதத்தைத் தலைமுழுகிவிட்டு, வீட்டில் மூச்சுக் காட்டாமல் வங்கிக்கு நடந்தார். நானாக எடுத்த முடிவு என்று மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல வேண்டும்.

"கல்விக் கடன் வேணும் சார். பொண்ணு கப்பல் கட்டப் போறா."

அதிகாரி ஒரு கோப்பைத் திறந்தார். கடன் விண்ணப்பத்தின் எல்லாப் பக்கமும் மனைவியின் கையெழுத்தில் நிரப்பியிருந்தது. தேதி போன மாதத்தது.

"உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி சார்" என்று ஒரு டம்ளரை நகர்த்தினார் அதிகாரி. "முதல்ல இதைக் குடிங்க. இன்னைக்கு நடந்து வருவாரு, வந்ததும் தண்ணி குடுங்கன்னு உங்க வீட்டம்மா காலையிலேயே போன் பண்ணிட்டாங்க."