மாப்பிள்ளைக்கு இட்ட மருந்துப் பொட்டு

சோலூர்,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய நல்லசாமி அவர்களுக்கு, சபாபதி பணிவுடன் எழுதுவது. இங்கு நான், மனைவி மல்லிகா, மகள் இந்துமதி, பன்றிகள் அனைவரும் நலம். அங்கு தங்கள் நலத்தையும், துணைவியார் நலத்தையும், முக்கியமாகத் தங்கள் மகன் ஸ்ரீஹரியின் நெற்றி நலத்தையும் அறியக் காத்திருக்கிறோம்.

பெண் பார்க்க வந்த இடத்தில் நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறாள் மல்லிகா. கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் நிலைமையையும் தாங்கள் யோசிக்க வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று ஒரு சனியன் ஊர் ஊராகக் கிளம்பியிருக்கிறது. வந்தால் மருந்தே கிடையாது, பண்ணையே காலி. செருப்பில், வண்டிச் சக்கரத்தில், சாப்பாட்டு மிச்சத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வருமென்று கால்நடை டாக்டர் கோகிலவாணி சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. வேலை பார்த்த காலமெல்லாம் வெடிமருந்துத் தொழிற்சாலை கேட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று என் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். ஓய்வுபெற்றுப் பன்றிப் பண்ணை வைத்த பிறகு எனக்கென்று ஒரு கேட் வாய்த்திருக்கிறது, சும்மா விடுவேனா? அதனால்தான் தங்கள் காரை நிறுத்தி, சக்கரத்துக்கு மருந்தடித்து, "ஏனுங்க, வர்ற வழியில வேற பன்னிப் பண்ணைக்கு ஏதாச்சும் போனீங்களா?" என்று கேட்டேன். பட்டு வேட்டியில் வந்தவரிடம் கேட்கிற கேள்வி இல்லைதான்.

"இந்தக் காய்ச்சல் எங்களுக்கும் ஒட்டிக்குமுங்களா?" என்று தங்கள் துணைவியார் அம்சவேணி அம்மா பயந்தார். "அதுங்களால உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்கம்மா, உங்களாலதான் அதுங்களுக்கு ஆபத்து" என்று நான் தைரியம் சொன்னேன். அது அவருக்கு ஏன் சுருக்கென்று பட்டது என்பதை இரவு மல்லிகா விளக்கிய பிறகே புரிந்தது.

அடுத்து அந்தத் தாம்பாளம். கால் நனைக்கும் மருந்து வழக்கமாகப் பிளாஸ்டிக் தொட்டியில்தான் இருக்கும். நல்ல காரியத்துக்கு வருகிறவர்களாயிற்றே, மரியாதையாக இருக்கட்டும் என்று அன்று பெரிய பித்தளைத் தாம்பாளத்தில் பெர்மாங்கனேட்டைக் கைநிறையப் போட்டுக் கரைத்து வாசலில் வைத்தேன். டாக்டர் சொன்னது ஒரு சிட்டிகை. பார்ப்பதற்குக் கருஞ்சிவப்பாக அழகாக இருந்தது. அம்சவேணி அம்மா, "ஏனுங்க, ஆரத்தி கரைச்சு வெச்சுப்போட்டுச் சுத்தாம நிக்கறீங்க?" என்று சொல்லித் தானே அதைத் தூக்கிச் சுற்றி, விரலில் தொட்டு மகன் நெற்றியில் அகலமாக ஒரு பொட்டும் இட்டுவிட்டார். "அம்மா, அது காலுக்குங்க!" என்று நான் கத்துவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. தேய்க்கத் தேய்க்க அது பழுப்பேறியது. தாங்கள் காபிகூடக் குடிக்காமல் காரில் ஏறிவிட்டீர்கள்.

அன்று முதல் இந்துமதி என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் எனக்கு முன்னால் டொக்கென்று வைக்கிறாள். அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. பன்றிகளைக் காக்கப்போய் மகள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணிக் குடும்பத்தோடு மறுபடியும் வர வேண்டும். கேட்டை விரியத் திறந்து வைக்கிறேன். மருந்து கிடையாது, கேள்வி கிடையாது. செருப்போடு சமையலறை வரை வரலாம்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கங்களும், சின்னவர்களுக்கு ஆசிகளும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் வரவை நோக்கி நிற்கும்
சபாபதி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. தயவுசெய்து வர வேண்டாம். ஒரு பன்றி தீவனம் எடுக்காமல் படுத்துவிட்டது. தாங்கள் கோபத்தில் விட்டுப்போன லட்டு முழுவதையும் மல்லிகா அதற்கு வைத்ததால் வந்த அஜீரணமாகத்தான் இருக்கும் என்கிறார் டாக்டர். ஆனாலும் ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறார். முடிவு வரும்வரை உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. பிறகு கொட்டகைக்குப் போய்ப் பார்த்தால், இந்துமதியோடு சேர்ந்து தங்கள் மகன் தீவனம் கலக்கிக்கொண்டிருக்கிறார்! பின்வேலி வழியாக இது மூன்றாவது வருகையாம். "ஒவ்வொரு தடவையும் மருந்துல கால் நனைச்சுட்டுத்தான் வந்தேனுங்க மாமா" என்கிறார். தங்கமான பிள்ளை. உத்தரவுப்படி அவரும் இங்கேதான் இருந்தாக வேண்டும், மாற்றுத் துணி மட்டும் கேட் வரை கொண்டுவரவும். முகூர்த்தமே வந்துவிட்டாலும் கவலை வேண்டாம், உள்ளே நான் நடத்திவிடுகிறேன். தாங்கள் இருவரும் வெளியே நின்று அட்சதை போடலாம். அரிசி மட்டும் இந்தப் பக்கம் விழாமல் பார்த்துக்கொள்ளவும்.