செவ்வாய் பிடித்த பிரவுசர்

கண்டி மஹய்யாவ வீதியில் மஸீனாவின் போட்டோக் கொப்பிக் கடைக்கு மேல்மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்க இடம் கிடைக்காது. கலஹாவிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவார்கள். படிக்கட்டு நிறையச் செருப்பு. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு போன், அல்லது ஒரு மடிக்கணினி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலத் துணியில் சுற்றியபடி.

உள்ளே அருள்பாலிப்பவர் கருவிச் சோதிடர் ராஜலிங்கம். மனிதருக்குச் சாதகம் பார்ப்பவர்கள் கண்டியில் ஏராளம், போட்டி தாங்காது. ஆகவே அவர் போனுக்குச் சாதகம் பார்த்தார். முதன்முதலாக உயிரூட்டிய நேரமே போன் பிறந்த நேரம். யாரோ பாவித்த போனை வாங்கியவர்களுக்கு முற்பிறவித் தோஷம். அதற்குப் பரிகாரம் தனி.

ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பிரவுசர்தான். நாம் இணையத்தைத் திறந்து பார்க்கிற அந்தச் செயலியில், திருடன் நுழையக்கூடிய ஓட்டை ஏதும் தென்பட்டால், அதைச் செய்தவர்கள் அடைப்பு ஒன்றை அனுப்புவார்கள். ‘அப்டேட் செய்யுங்கள்’ என்று மூலையில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றும். கவனிக்காவிட்டால் சில நாளில் செம்மஞ்சளாகும். ஒரு வாரம் போனால் சிவக்கும். ராஜலிங்கம் இதைக் கிரகமாக வாசித்தார். பச்சை புதன், செம்மஞ்சள் குரு, சிவப்பு செவ்வாய்.

பச்சைப் புள்ளியோடு வருகிறவருக்கு இரண்டு மூன்று வாரம் தள்ளி நாள் குறித்துக் கொடுப்பார். அதுவரை தொடக்கூடாது. பிறகு புள்ளி சிவக்காமல் என்ன செய்யும்? “சொன்னேனா இல்லையா, செவ்வாய் இறங்கிட்டாரு” என்பார். சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

குறித்த நாளில் சிம்மைக் கழற்றிவிட்டுப் போனைக் கொடுக்க வேண்டும். கண்டவர் குரலெல்லாம் ஏறியிறங்கும் சிம், தீட்டாம். பட்டுத்திரைக்குப் பின்னால் பத்து நிமிடம் மணியடிக்கும். திரை விலகும்போது புள்ளி மறைந்திருக்கும். அற்புதத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஒரு ஞாயிறு பின்னேரம் முன்வரிசைக் கதிரையில் மடிக்கணினியை அணைத்தபடி இருந்தவர் கமலாசனி டீச்சர். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். லிட்மஸ் தாள் ஏன் சிவக்கிறது என்று ஆயிரம் பிள்ளைகளுக்கு விளக்கியவர், பிரவுசரின் புள்ளி ஏன் சிவக்கிறது என்று ஒருமுறையும் கேட்கவில்லை. ஒன்பது நாளாக மகள் நிருஷாவின் மடிக்கணினியை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

“ஐயா, வியாழனெண்டு நாள் தந்தனீங்கள். பிள்ளைக்கு நாளைக்குப் பத்தரைக்கு ஒன்லைன்ல நேர்முகப் பரீட்சை. மூண்டு வருசமா வேலை தேடுறாள். காலமை ஒருக்காத் திறந்து பாத்தா, பழைய பிரவுசரெண்டு அந்தத் தளம் உள்ளுக்கு விடுதில்லை. இண்டைக்குச் செய்யேலாதோ?”

“செவ்வாய் உச்சத்துல நிக்கிறாரும்மா. இன்னைக்குக் கைய வச்சா மெசின் கருகிரும். பரீட்சைய வெள்ளிக்கிழமைக்கு மாத்தச் சொல்லுங்க.”

“கம்பனிக்காரர் செவ்வாயிட்டக் கேட்டே நாள் வைக்கிறவை?” என்றாள் பக்கத்தில் நின்ற நிருஷா.

“வாயை மூடு பிள்ளை” என்றார் அம்மா.

நிருஷா விறுவிறுவென்று படியிறங்கினாள். கீழே சான்றிதழ்களைக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்த மஸீனா நிமிர்ந்து பார்த்தார்.

“ஏன் புள்ள, மொகம் இப்பிடி ஈக்கி?”

நிருஷா சொன்னாள். மஸீனா இயந்திரத்தை நிறுத்தினார்.

“பஞ்சாங்கம் பாக்கோணும் எண்டு செல்லி அந்தாள் என்ட வைபைய வாங்கின. மேல மணியடிக்கிற நேரமெல்லாம் கீழ என்ட நெட் படுத்துப் போகுது. ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டு ஈக்கிறன். வாங்க, ஒருக்காச் சோதிச்சுப் பாப்பம்.”

மேலே மணி தொடங்கியது. மஸீனா ரூட்டரின் வயரைக் கழற்றினார். இருவரும் மாடிக்குப் போய் வாசலில் நின்றார்கள்.

திரைக்குப் பின்னால் அப்போது இருந்தது கலஹா அன்னலட்சுமியின் போன். பத்தொன்பது நாள் காத்திருந்து வந்தவர். பன்னிரண்டாம் நாள் எவனோ ஓட்டை வழியே அவருடைய கணக்குக்குள் புகுந்து, அவர் பெயரிலேயே சொந்தக்காரரிடமெல்லாம் பணம் கேட்டிருந்தான். அது முற்பிறவித் தோஷமென்று ராஜலிங்கம் விளக்கியிருந்தார்.

பத்து நிமிடம் ஆனது. மணி நிற்கவில்லை. இருபது ஆனது.

“ரொம்பப் பொல்லாத தோஷம் போல” என்றார் ஒருவர் பயபக்தியோடு.

மணி நின்றது. கோபத்தோடு மறுபடி அடித்தது. அரைமணி நேரமானபோது திரை ஒரு சாண் விலகி, வேர்த்துப்போன தலையொன்று வெளியே வந்தது.

“மஸீனாம்மா, கீழ வைபை போயிருச்சா?”

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

“போகல்ல. நான்தான் கழட்டின. மந்திரத்துக்கு வைபை என்னத்துக்கு?”

ராஜலிங்கம் சமாளித்தார். “காலம் மாறிருச்சும்மா. கிரகமெல்லாம் இப்ப ஒன்லைன்ல.”

“அப்ப கிரகத்துக்கிட்டச் செல்லி சொந்தமா ஒரு கனெக்சன் எடுங்க.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார். நிருஷா போய்த் திரையை முழுவதுமாக இழுத்தாள். ஒரு மெத்தை, ஒரு மணி, பாதி குடித்த பிளேன்டி, அன்னலட்சுமியின் போன். அன்னலட்சுமி போனை எடுத்துத் திரையிலிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார்: “இணைய இணைப்பு இல்லை. அப்டேட் செய்ய முடியவில்லை.”

“இதையா முப்பது நிமிசம் மந்திரிச்சீங்க?” என்று ராஜலிங்கத்திடம் கேட்டார்.

மஸீனா இறங்கிப் போய் வயரைச் செருகினார். நிருஷா அம்மாவின் முன்னால் கைநீட்டி நின்றாள்.

“ராகுகாலம் பிள்ளை” என்றார் டீச்சர். குரலில் பழைய உறுதி இல்லை.

“எனக்கு இருக்கிற காலம் நாளைக்குப் பத்தரை வரைக்கும்தானம்மா.”

டீச்சர் பட்டுத்திரையைப் பார்த்தார். பிளேன்டியைப் பார்த்தார். பிறகு மடிக்கணினியைத் தானே திறந்து மகள் பக்கம் திருப்பினார். நிருஷா அப்டேட்டை அழுத்தினாள். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. இரண்டு நிமிடம். பிரவுசர் மூடித் திறந்தது. புள்ளி இல்லை. எதுவும் கருகவுமில்லை. நேர்முகப் பரீட்சைத் தளம் அவளைப் பெயர் சொல்லி வரவேற்றது.

“அவ்வளவுதானா?” என்றார் அன்னலட்சுமி. “அப்ப ஓட்டைய அடைக்க விடாம பத்தொம்பது நாளு தொறந்து வச்சிருந்தது நீங்கதானா? களவாணிக்கு நல்ல நாள் குறிச்சுக் குடுத்திருக்கீங்களே, ஐயா.”

ஐயா மணியை எடுத்துப் பையில் போட்டார். அன்றைக்கு வாங்கிய காணிக்கைகளை ஒவ்வொருவராக வந்து திரும்பக் கேட்டபோது, குளியலறைப் பக்கமுள்ள படிக்கட்டால் இறங்கிப் போனவர்தான்; மஹய்யாவ அவரை மறுபடி பார்க்கவில்லை.

திங்கட்கிழமை நிருஷா பரீட்சைக்கு இருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். வேலை கிடைப்பது இனி அவள் திறமையின் பாடு. குறைந்தபட்சம் கதவாவது திறந்தது.

ஆனால் அந்த ஞாயிறு படியிறங்கும்போது ஒருவர் டீச்சரை நிறுத்திக் கேட்டதைச் சொல்லாமல் விட முடியாது.

“டீச்சர், அந்தப் பட்டனை எத்தனை மணிக்கு அமுக்கினா நல்லது?”

டீச்சருக்கு முகம் சிவந்தது. “வகுப்பில நான் ஒழுங்காப் படிப்பிக்கேல்லைப் போல” என்றார் மெதுவாக.

பிரவுசரில் ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கு எங்கோ நாலு பேர் கண்விழித்து வேலை செய்கிறார்கள். நம் மண்டையில் விழுந்ததற்கு அப்படி யாரும் எதுவும் அனுப்பப்போவதில்லை. அதை நாமேதான் யோசித்து அடைக்க வேண்டும்.