ஜம்பு கழுதை மீட்புப் பேரவை

வேதக்காரர்களுக்குத் தெரிந்த மகத்தான கழுதைகள் மூன்று. ஒன்று திருக்குடும்பத்தை எகிப்துக்குச் சுமந்தது. இன்னொன்று ஆண்டவரை எருசலேமுக்குள் சுமந்தது. மூன்றாவது ஜம்பு. அது பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தலைமுறையையே சுமந்தது. முதல் இரண்டில் ஏறியவர்கள் போக வேண்டிய இடம் வந்ததும் இறங்கிக்கொண்டார்கள். மூன்றாவதில் ஏறியவர்களுக்கு நாற்பது வயசாகப் போகிறது, இன்னும் இறங்கிய பாடில்லை.

ஜம்பு என்பது டிவியில் வந்த ஒரு பொம்மைப்படக் கழுதை. கேபிள் கம்பி வழியாகச் சாயங்காலம் வீடு வீடாக வந்து போகும். ஒரு நாள் வராமலே போய்விட்டது. அதைத் தேடிப் பிடித்து மனித குலத்துக்கு ஒப்படைப்பதற்காக உண்டானதுதான் 'ஜம்பு கழுதை மீட்புப் பேரவை'. தலைவர் ஆரோக்கிய பிரவீன். ஓசூரில் கம்பெனி வேலை, மாமனார் வீட்டில் வாசம்.

மாமனார் இன்னாசி அந்தக் காலத்துக் கேபிள்காரர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. டாக்டரை நம்பமாட்டார். மழை வரும் என்று டிவியில் சொன்னால் துணியைக் காயப்போடுவார். அவர் நம்பியது ஒன்றே ஒன்று, முன்னறையில் ஜன்னலோரம் கிடந்த தன் கட்டில்.

அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேரவையின் 'அவசர செயற்குழு' கூடியது. செயலாளர் கோகிலவாணி டீச்சர் எழுந்து நின்று வாசித்தார்.

"தீர்மானம் ஒன்று. ஜம்பு படத்தைத் தமிழ் டிவிடியாக வெளியிடக் கோரி வெளிநாட்டுக் கம்பெனிக்கு நாம் நடத்திய அறப்போர் வெற்றி பெற்றது. பெட்டி வந்துவிட்டது."

கைதட்டல். பொருளாளர் மாதேஷ் விசிலே அடித்தார்.

"தீர்மானம் இரண்டு. இந்த முன்னறையை 'ஜம்பு நினைவகம்' ஆக்குவது. பழைய பொட்டி டிவி, டெக், கேசட்டுகளை இங்கே வைத்து, ஏசி போடுவது."

"ஏசி யாருக்குங்க?" என்றார் இன்னாசி.

"டிவிக்குங்க மாமா" என்றார் பிரவீன். "பழைய டிவி. சூடு தாங்காது."

"நான் அத விடப் பழசுங்களே மாப்ள."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஸ்பேர் கெடைக்குங்க மாமா. அதுக்குக் கெடைக்காது."

"அப்ப என் கட்டிலு?"

"பின்னால மோட்டார் ரூம்ல போட்டுக்கலாம். நல்லா காத்து வரும்."

"அதுக்குக் கதவே இல்லியே."

"அதத்தான நானும் சொல்றன்? காத்து வரும்."

மகள் ஆக்சிலியா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, ரெண்டு நாளு படுத்துத்தான் பாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவருக்கு ஓட்டு இல்லை.

பிறகு டிவிடியைப் போட்டார்கள். எல்லோரும் கண்ணீருக்குத் தயாராகக் கர்ச்சீப்பை எடுத்து வைத்துக்கொண்டார்கள். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது.

"ஏங்க, கழுத ஏன் சாம்பலா இருக்குது?" என்றார் மாதேஷ். "ஜம்பு பச்சைதான?"

திரையில் கழுதை வாயைத் திறந்தது. "அன்பு நண்பனே, நாம் இல்லம் திரும்பும் நேரம் நெருங்கிவிட்டது."

கர்ச்சீப்புகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் திரும்பின.

"இது எந்த ஊரு கழுதைங்க? ஆபீசர் கணக்கா பேசுது" என்றார் மாதேஷ். "ஜம்பு எப்பிடிப் பேசும்? 'டேய் மொசலு, பொழுது எறங்கிருச்சு, வூட்டுக்குப் போலாம் வாடா, ஆத்தா தொடப்பத்த எடுத்துரும்!' அதில்ல பேச்சு!"

"நரியும் சரியில்ல" என்றார் பிரவீன். "நரி கன்னடத்துல இல்ல மெரட்டும்? கழுதையப் பாத்து 'ஏய் கத்தெ, நில்லு!'ன்னு."

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "விசில் எங்கங்க? கழுதைக்கு ஆபத்து வர்றப்பல்லாம் தூரத்துல ஒரு விசில் கேக்குமே! அது காலத்தின் குறியீடுங்க. நான் கட்டுரையே எழுதிருக்கறன்."

கம்பெனி நம்மை ஏமாற்றிவிட்டது, இது 'போலிக் கழுதை' என்று அங்கேயே கண்டனத் தீர்மானம் தயாரானது.

இன்னாசி கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். விஷயம் என்னவென்றால், அந்தப் படம் வந்தது இங்கிலீஷில். புரியவில்லை, கனெக்ஷனை வெட்டு என்று ஊரே சத்தம் போட்டது. இன்னாசி இதே முன்னறையில், கேபிள் மிஷினில் ஒரு மைக்கைச் சொருகி, கழுதைக்கும் முயலுக்கும் நரிக்கும் தானே பேசினார். கழுதைக்குப் பெயரும் அவர் வைத்ததுதான். பச்சை நிறம் மிஷின் கோளாறு. மகள் அப்போது கான்வென்ட் ஹாஸ்டலில் இருந்தாள். மனைவி ராயம்மாளுக்கு மட்டும் தெரியும். வெளியே தெரிந்தால் கம்பெனிக்காரன் கேஸ் போட்டு ஜெயிலில் வைப்பான் என்று இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை.

இப்போது யோசித்தார். ஒரு பக்கம் ஜெயில், ஒரு பக்கம் மோட்டார் ரூம். ஜெயிலுக்குக் கதவாவது உண்டு.

"அது நாந்தாங்க" என்றார்.

"எதுங்க மாமா?"

"கழுதைங்க."

யாரும் மறுக்கவில்லை. விளக்கிச் சொன்ன பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப அந்த விசிலு?" என்றார் டீச்சர்.

"பருப்புங்கம்மா. எங்கூட்டுக்காரி பக்கத்துல குக்கர் வெச்சிருப்பா."

காலத்தின் குறியீடு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தது.

"எங்க, ஜம்பு மாதிரி பேசுங்க பாக்கலாம்" என்று செல்போனை நீட்டினார் மாதேஷ்.

இன்னாசி தொண்டையைச் செருமினார். பழைய வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. வயிற்றில் இருந்தது வந்தது. அச்சு அசல் ஜம்புவின் குரலில், "டேய், என் கட்டில எடுக்காதீங்கடா! அங்க கொசு பிச்சிப் புடுங்கும்டா!" என்றார்.

மாதேஷ் ஓவென்று அழுதார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரவீன் மாமனார் காலில் பொத்தென்று விழுந்தார். "மறுக்கா சொல்லுங்க மாமா, மறுக்கா!"

மறுபடி சொன்னார். மறுபடி அழுதார்கள். பேரவைத் தலைவருக்கு வைத்திருந்த மாலையை அவர் கழுத்தில் போட்டார்கள். இன்னாசிக்கு உயிர் வந்தது.

"அப்பக் கட்டிலு இங்கியே கெடக்கட்டுங்களா மாப்ள?"

பிரவீன் அதிர்ந்து போனார். "என்ன மாமா இப்பிடிக் கேட்டுட்டீங்க? ஜம்பு பொறந்த எடமுங்க இது! இனி இங்க எவனாச்சும் கால நீட்டிப் படுப்பானா?"

தீர்மானம் இரண்டு அதே இடத்தில் திருத்தப்பட்டது. அறை 'நினைவகம்' அல்ல, 'புனிதத் தலம்'. செருப்புக்கு அனுமதி இல்லை. கட்டிலுக்கும் இல்லை. பேரவையினர் நான்கு கால்களையும் பிடித்துச் சப்பரம் மாதிரி பயபக்தியோடு தூக்கிப் போனார்கள். பின்னால் மாலையும் கழுத்துமாக இன்னாசி.

அடுத்த ஞாயிறு திறப்பு விழா. அரூர், பென்னாகரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஏசி குளுகுளுவென்று ஓடியது. மாதேஷ் கம்ப்யூட்டரில் கழுதைக்குப் பச்சையடித்து, இன்னாசி பேசியதை அதன் வாயில் பொருத்தியிருந்தார். பொட்டி டிவியில் ஜம்பு தோன்றி, "டேய், என் கட்டில எடுக்காதீங்கடா!" என்றது. கூட்டம் விம்மி விம்மி அழுதது.

அந்நேரம் பார்த்துப் பின்னாலிருந்து இன்னாசி கத்தினார். "மாப்ள! ஏனுங்க மாப்ள! கொசு கடி தாங்க முடியலீங்க, கட்டில உள்ள போடுங்க!"

பிரவீன், குளிர் வெளியே போய்விடாதபடி ஜன்னலை விரற்கடை அளவு திறந்தார்.

"மாமா, கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருங்க! இங்க உங்க கொரலு கேக்க மாட்டேங்குது."