என் தொப்பையில் ஓடிய ஜப்பானியத் தொடர்

அம்மாவோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறவன் கையில் ரிமோட் இருந்தே ஆகவேண்டும். திரையில் ஓர் ஆணும் பெண்ணும் கொஞ்சம் நெருங்கினால் போதும், மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே கட்டைவிரல் படத்தை வேகமாக முன்னே ஓட்டிவிடும். எங்கள் வீடுகளில் இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. தும்மல் மாதிரி, தானாக வரும். இப்படிப்பட்ட விரலை வைத்துக்கொண்டு, ஒரு நூலகத்துக்குப் படம் தேர்வு செய்ய நான் ஒப்புக்கொண்டேன்.

அப்போது மலேசியாவில், கூலாய் என்ற ஊரில் ஒரு சின்ன நூலகத்தில் ஒப்பந்த ஊழியனாக இருந்தேன். ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். தலைமை நூலகர் புவான் (திருமதி) நோராய்னி ஒரு ஜப்பானிய அனிமே தொடரின் டிவிடி பெட்டியை என் மேசையில் வைத்தார். முழுவதும் பார்த்துவிட்டு, பதின்ம வயதினர் பகுதிக்குப் பொருந்துமா என்று நான் சொல்லவேண்டும். சரியாகச் செய்தால் நிரந்தர வேலைக்கு என் பெயரைப் பரிந்துரைப்பதாகவும் சொன்னார். (வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா எனக்குப் பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்.)

டிவிடி கருவி ஹாலில் இருந்தது. ஹாலில் அம்மாவும் இருந்தார், கீரை ஆய்ந்துகொண்டு.

"நீ பாருப்பா, நான் ஒன்னும் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றவர், கீரையை மறந்து திரையையே பார்த்தார்.

கதாநாயகன் ஒரு ரொட்டிக்கடைக்காரன். ரொட்டி வாங்க ஓர் அழகான பெண் வருவாள். அவள் தலை தெரிந்தாலே என் விரல் ஓட்டியது. வாளோடு ஒருவன் வருவான். அம்மா பயந்துவிடுவாரே என்று அவனையும் ஓட்டினேன். மிஞ்சியதெல்லாம் மாவு பிசைவதும் அடுப்பில் வைப்பதும்தான். பார்த்து முடித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அது ரொட்டி செய்யக் கற்றுக்கொடுக்கும் தொடர் என்றே நம்பினேன்.

"சுடா தெங்கோக் செமுவா?" (எல்லாம் பார்த்தாச்சா?) என்று கேட்டார் புவான்.

"சுடா, புவான்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. இளையோர் ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்வார்கள் என்று வேறு அளந்துவிட்டேன்.

புவானுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பிள்ளைகளையும் தாய்மார்களையும் சனிக்கிழமை காலை வரச்சொல்லி, 'வாருங்கள், ரொட்டி செய்யலாம்' என்று சுவரொட்டி ஒட்டினார். திரையிட அவர் தேர்ந்தெடுத்தது கடைசிப் பகுதி. அதற்குள் ரொட்டி வெந்திருக்கும் என்பது அவருடைய கணக்கு. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சில தாய்மார்கள் ரொட்டி கொடுப்பார்கள் என்று டப்பாவோடு வந்திருந்தார்கள். என் பெருமையைப் பார்க்க அம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன்.

படம் தொடங்கியது. மாவு. இன்னும் மாவு. பிறகு அந்தப் பெண் வந்தாள். கடைக்காரன் மாவுக் கையால் அவள் கன்னத்தைத் தொட்டான். என் கட்டைவிரல் காற்றை அமுக்கியது. ஒன்றும் ஓடவில்லை. மடிக்கணினி கடைசி வரிசையில் புவானிடம் இருந்தது. வேறு வழி தெரியாமல் ஓடிப்போய்த் திரையை மறைத்து நின்றேன்.

புரொஜெக்டருக்கு நம் கஷ்டம் புரியுமா? படம் முழுவதும் என் சட்டையில் விழுந்தது. சரியாக என் தொப்பையின் மேல் இருவரும் முத்தமிட்டார்கள். ஓடி வந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. நான் மூச்சு வாங்க வாங்க, முத்தம் ஏறி ஏறி இறங்கியது. மூச்சை அடக்கிப் பார்த்தேன். அவர்கள் அடக்குவதாக இல்லை.

சட்டையின் விளிம்பில் மலாய் வசனம் ஓடியது. பிள்ளைகள் அதைக் கூட்டாக வாசித்தார்கள்: "அன்பே, நான் செத்துப்போனவள்." அவள் பேய் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். அதற்குள் வாள்காரன் என் தோளில் ஏறி, என் வலது பாக்கெட் பக்கம் ஒரு தலையை வெட்டினான். "அலமாக்!" என்று யாரோ அலறினார்கள்.

"டேய், தள்ளி நில்லுடா!" அது அம்மா. "வீட்லதான் ஓட்டி ஓட்டியே கெடுத்த, இங்கயாச்சும் பாக்க வுடு லா!"

அதோடு விட்டிருக்கலாம். புவானுக்குத் தமிழ் தெரியாதே என்று இரக்கப்பட்டு, பின்னால் திரும்பித் தன் சந்தை மலாயில் விளக்கினார்: "புவான், டி ரூமா டியா செமுவா காசி லாஜு." (வீட்டில் இவன் எல்லாவற்றையும் வேகமாக ஓட்டிவிட்டான்.)

புவான் விளக்கைப் போட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு தாய், ரொட்டி எப்போது தருவீர்கள் என்று கேட்டார்.

நிரந்தர வேலை அந்த முறை கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தை மட்டும் நீட்டித்து, செம்பனை உரம் பற்றிய புத்தகங்களுக்கு என்னை மாற்றினார்கள். (அவற்றில் யாரும் முத்தமிடுவதில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன்.) தொடர் பெரியவர்கள் பகுதிக்குப் போனது. அதை முதலில் இரவல் வாங்கியவர் என் அம்மா. என்னை ஹாலுக்குள் விடாமல் முழுவதும் பார்த்து, பேய்க்காக அழுதார்.

அக்கா புது டிவி வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், மச்சான் இன்றும் என் தொப்பையைத் தட்டுவார்: "எதுக்கு காசு? அப்ப முப்பத்திரண்டு இன்ச்சா இருந்தான், இப்ப அம்பத்தஞ்ச தாண்டிட்டான். ஒரு வெள்ளச் சட்ட வாங்கிக் குடுத்தா போதும்."

அக்கா உடனே என் பக்கம் திரும்புவாள். "படம் ஆடக்கூடாதுடா தம்பி, மூச்சப் புடிச்சிக்கிட்டு நில்லு."