தள்ளுகிற கதவா, சாத்துகிற கதவா?

வீட்டில் எல்லா வேலையும் முடிந்துவிட்டது. பின்பக்கச் சுவரில் மட்டும் ஆறடிக்கு ஏழடி ஓர் ஓட்டை, நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு நின்றது. திருமுல்லைவாயில் தெருநாய்கள் மூன்று அதன் வழியாகப் புகுந்து, சொந்தக்காரருக்கு முன்னால் கிரகப்பிரவேசத்தை நடத்தி முடித்திருந்தன.

சொந்தக்காரர் பக்தவத்சலம். ஆவடியில் ராணுவ வண்டி செய்கிற தொழிற்சாலையில் முப்பத்திநாலு வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதக் கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். அதற்குள் அந்த ஓட்டைக்கு ஒரு கண்ணாடிக் கதவு வந்தாக வேண்டும்.

வீட்டுக்குத் திட்டம் போட்டவன் புனேயில் இருக்கும் மகன் அஸ்வின். எல்லாம் போனிலேயே. கரண்ட் மிச்சம் பிடிக்கிற வீடாம். மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு, சுவருக்குப் பொந்து வைத்த கல், ஜன்னலுக்கு ரெட்டைக் கண்ணாடி. ஏசி போட்டால் பில்லைப் பார்த்து மின்வாரியமே அழும் என்று சொல்லியிருந்தான். மின்வாரியம் அழுது பக்தவத்சலம் இதுவரை பார்த்ததில்லை. பார்க்க ஆசையாக இருந்தது.

"பின்னாடி தள்ளுற கதவா போடுங்க," என்றாள் அவர் மனைவி சுசீலா, குவார்ட்டர்ஸ் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே.

பக்தவத்சலத்துக்கு உடனே சந்தேகம் தட்டியது. தரைக்கு என்ன கலர் என்று கேட்டபோது 'உங்க இஷ்டம்' என்றவள். சமையல் மேடை எவ்வளவு உயரம் என்றபோதும் 'உங்க இஷ்டம்' என்றவள். இந்தக் கதவுக்கு மட்டும் இவளுக்கு இஷ்டம் எங்கிருந்து முளைத்தது?

"ஏன், சாத்துற கதவு இன்னா பாவம் பண்ணிச்சு?"

"தள்ளுறதுன்னா எடத்த அடைக்காது."

"பின்னாடி பத்தடி சும்மா கீது. எவன் எடத்த அடைக்கப் போறான்?"

"காத்து நல்லா வரும்."

"வராது. தள்ளுற கதவுல எப்பவும் பாதிதான் தொறக்கும். சாத்துற கதவு மொத்தமா தொறக்கும்."

"பாக்க அழகா கீதுங்க."

"அழகு! எவன் சொல்லிக் குட்த்தான் உனக்கு? கதவுக்காரனா?"

"நானாதான் சொல்றேன்."

"அதான் டவுட்டே," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே கிளம்பினார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது. ரயில் லைனுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் எந்த ஆணிதான் நிற்கும்?

மண்ணூர்பேட்டையில் கோபி என்பவன் கதவுப் பட்டறை வைத்திருந்தான். இரண்டு ரகத்தையும் மாதிரிக்கு நிற்க வைத்திருந்தான்.

"ஏசி ரூமுக்கு எதுய்யா நல்லது? உண்மைய சொல்லு, வியாபாரம் பேசாத."

"தள்ளுறதுல ஓரத்துல பிரஷ் மாதிரி கீது சார். கொஞ்சம் காத்து கசியும். சாத்துறதுல ரப்பரு, அமுக்கிப் புடிச்சிக்கும். கரண்ட பாத்தா சாத்துறதுதான்."

தனக்குப் பிடித்த பதிலையே ஒருத்தன் சொன்னால் அதையும் நம்பக் கூடாது என்பது பக்தவத்சலத்தின் கட்சி. சட்டைப் பையிலிருந்து ஊதுவத்திக் கட்டை எடுத்து, நாலை உருவிக் கொளுத்தினார்.

"இன்னா சார் பண்றீங்க?"

"டெஸ்டிங். வாயால சொன்னா ஃபேக்டரில ஒரு நட்டு கூட எடுத்துக்க மாட்டோம். நீ அந்தாண்ட போய் நில்லு."

தள்ளுகிற கதவை மூடி ஓரமெல்லாம் புகை காட்டினார். அந்தப் பக்கம் நின்ற கோபி மூன்று தும்மல் தும்மினான். சாத்துகிற கதவுக்குக் காட்டினார். தும்மல் இல்லை. ஜன்னல் விலை கேட்க வந்த அம்மாள் ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டு, புகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இன்னா சாமிப்பா இது?" என்றாள்.

"கரண்ட் சாமி. கும்புட்டுக்கோ," என்றான் கோபி.

பக்தவத்சலம் அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார்.

"சுசீலா, ப்ரூஃப் ஆயிட்சு! தள்ளுற கதவுல தும்மல் வருது."

"வரட்டும். எனக்கு அதான் வேணும்."

"சொன்னா புரியாதா உனக்கு?"

"சாத்துற கதவ போட்டீங்கன்னா நான் அந்த ஊட்டுக்கு வர மாட்டேன். பட்டாபிராம்ல என் தங்கச்சி தாட்சாயிணி ஊடு கீது. அங்க போயிடுவேன்."

கல்யாணமான நாளிலிருந்து சுசீலா இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் வராமல், அவ்வளவு பெரிய வீட்டில் அவர் யாரோடு சண்டை போடுவார்? ஆனாலும், ஒருநாள் வந்து அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்தால் தானாக வழிக்கு வருவாள் என்று கணக்குப் போட்டார். சாத்துகிற கதவையே மாட்டச் சொன்னார்.

மாட்டினார்கள். உள்பக்கம் திறந்தது, சோபாவில் இடித்தது. வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி திருப்பினார்கள், தோட்டத்துக் குழாயில் இடித்தது. குழாயைப் பிடுங்கினார்கள், பைப்பு உடைந்து தண்ணீர் கதவுக்கடியில் தேங்கியது. தண்ணீர் வடியச் சிமென்ட் போட்டு மேடாக்கினார்கள், கதவு தரையில் உரசியது. கோபி ஓர் அங்குலம் தூக்கி மாட்டினான். அந்தச் சந்தில் ஓர் ஓணான் தலைகூடக் குனியாமல் உள்ளே வந்தது. ரெட்டைக் கண்ணாடி போட்டு ஏசிக் காற்றை ஓணானோடு பங்கு போட்டுக்கொள்ள பக்தவத்சலத்துக்கு மனமில்லை. அடியிலும் ரப்பர் ஒட்டச் சொன்னார். அதன் பிறகு கதவைச் சாத்த ஓர் ஆளின் முழு பலமும் தேவைப்பட்டது.

வேலை ஆரம்பித்த நாள் முதல் அங்கே காவலுக்கு இருக்கும் முனியம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கேட்ட கதவையே போட்டுக்கினு போயேன் நைனா."

"உனுக்கு எவ்ளோ குட்த்தாங்க?"

முனியம்மா எழுந்து முன்வாசலுக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அஸ்வின் பேசினான். "அப்பா, அம்மா கேக்குறதையே போட்டுடுங்கப்பா."

"கரண்ட் மிச்சம் புடிக்கணும்னு குதிச்சவன் நீதானடா?"

"நான்தான். ஆனா அம்மா கேக்குறதையே போட்டுடுங்க."

"ஏன்டா?"

அந்த நேரம் பார்த்துப் புனேயில் சிக்னல் போய்விட்டது. அம்மா, பிள்ளை, காவல்காரி என்று ஊரே கூட்டுச் சேர்ந்துவிட்டதாக பக்தவத்சலம் முடிவு கட்டினார். வாயால் சாத்துகிற கதவைச் சொல்லிவிட்டு, மறைவில் தள்ளுகிற கதவை விற்கப் பார்க்கிற கோபியின் வலை இவ்வளவு பெரியதா?

இருபத்தெட்டாம் தேதி சுசீலா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் துணிப்பை. பக்தவத்சலம் அவளைச் சோபாவில் உட்காரவைத்து, கதவை இழுத்து அழுத்திச் சாத்திவிட்டு ஏசியைப் போட்டார். பத்தே நிமிஷத்தில் சுசீலா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"குளுருதா?"

"குளுருது."

"அதான் சாத்துற கதவு!"

"நல்லா கீதுங்க," என்று சுசீலா எழுந்தாள். "நான் பட்டாபிராம் போறேன்."

"ஏய், மனுசன் ஒரு மாசமா நாய் மாதிரி அலைஞ்சிகினு கீறேன், உனுக்கு இன்னாடி கொழுப்பு?" பக்தவத்சலம் எகிறினார். "போ! எங்க வேணா போ!"

சொன்னவர் தானே புதுக் கதவு வழியாக வெளியே போனார். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அடுத்த நொடி கதவிலிருந்த ரெட்டைக் கண்ணாடியும் ஒன்றாகப் பொடிந்து, கல்கண்டு மாதிரிப் பொலபொலவென்று கொட்டியது.

சுசீலா முந்தானையில் விழுந்த துண்டுகளை உதறினாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பக்தவத்சலத்துக்கு.

கோபிக்குப் போன் போட்டுக் கத்தினார். "டூப்ளிகேட் கண்ணாடிய மாட்டிட்டல்ல நீ! ஒரு காத்துக்குத் தாங்கல!"

"இன்னிக்கு ஏது சார் காத்து? எல கூட ஆடலியே?"

போனை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். முனியம்மா துடைப்பத்தோடு வந்து கண்ணாடித் தூளைக் கூட்ட ஆரம்பித்தாள்.

"பாத்தியா முனியம்மா? இந்தக் காத்துக்கு எந்தக் கதவுதான் தாங்கும்?"

முனியம்மா கூட்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்: "தள்ளுற கதவு தாங்கும் நைனா, அம்மா ஊடு பாக்க வந்தப்பவே என்னாண்ட சொல்லிச்சு, 'கரண்டு எவ்ளோனா ஆவட்டும் முனியம்மா, அந்த மனுசன் கோச்சிக்கினு போறப்போ டமால்னு அறைய முடியாத கதவா ஒண்ணு கெடச்சா, மிச்ச காலத்தையும் அவரோடவே ஓட்டிடுவேன்'னு."