ஜாடிகளுக்கு அடியில் ஒரு மூடி

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

ஹேவொன் தலை தாழ்த்தி வணங்கி எழுதுவது. தேஜோனில் குளிர் இறங்கிவிட்டதாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். உங்கள் முழங்கால் இப்போது தேவலையா? பெரியம்மா நலமாக இருக்கிறார்களா? இங்கே ஸெம்கோலில் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். வீட்டுக்குத்தான் சுகமில்லை.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னது அப்பா. போனில் சொல்லிவிடலாமே என்றேன். "அண்ணன் குரலைக் கேட்டா எனக்கு வாயில உண்மை வந்துடும், நீயே எழுது" என்றார். பாதையில் பனி விழுந்து அடைத்துவிட்டது, அதனால் ஞாயிற்றுக்கிழமை தாத்தா திதியை இந்த வருடமும் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாலு வரியில் நாகரிகமாக எழுதச் சொன்னார். "குடும்பத்துலயே நீ ஒருத்திதான் காலேஜ் படிச்சவ. எப்படியோ எழுது. அந்த ஒரு வார்த்தை மட்டும் வரக் கூடாது" என்றார். எழுதிப் பார்த்தேன். ஆனால் பெரியப்பா, இங்கே இன்னும் ஒரு துளிப் பனிகூட விழவில்லை. நீங்களோ தினமும் சாயங்காலம் வானிலைச் செய்தி பார்க்கிறவர். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன். அந்த ஒரு வார்த்தை வரும் இடங்களில் என்னை மன்னித்துவிட வேண்டும்.

சூசோக் பண்டிகைக்கு நாங்கள் வந்திருந்தபோது, "இனிமே என்னால குனிஞ்சு எழ முடியாதுடா. இந்த வருஷம் அப்பா திதியை உன் வீட்ல வை. நல்லபடியா நடந்தா இனிமே அங்கேயே" என்று சொன்னீர்கள். அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், உங்களுக்கு நினைவிருக்கும். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். கேட்டதற்குச் சளி என்றார். இஞ்சோனில் நாங்கள் வாடகைக்கு இருந்த பாதி தரைக்குக் கீழே இருக்கும் வீடுகளில் இரண்டு பேர் சேர்ந்து குனிந்து வணங்கினால் ஒருவர் தலை அலமாரியில் இடிக்கும். இந்த வீட்டை வாங்க வந்த அன்று அப்பா சமையலறையைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. பெரிய கூடத்தில் போய் நின்று, தான் ஒருவராகவே முன் வரிசையிலும் பின் வரிசையிலும் மாறி மாறி விழுந்து வணங்கிப் பார்த்தார். எல்லோருக்கும் இடம் இருந்தது. வாங்கிவிட்டார். சூசோக்கிலிருந்து அவருக்கு உறுத்திக்கொண்டிருப்பது நீங்கள் சொன்ன "நல்லபடியா நடந்தா" மட்டும்தான்.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன். வீட்டின் பின்சுவரில் ஒரு சின்னப் பெட்டி ராத்திரி பகல் இல்லாமல் உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். வீட்டை எங்களுக்கு விற்றவர் குக் என்ற ஓய்வு பெற்ற வாத்தியார். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொன்னாரோ என்னவோ, அப்பா அப்போது கூடத்தில் குனிந்துகொண்டிருந்தார். குடியேறிக் கொஞ்ச நாளானதும், "யாருக்காக இது இப்படிக் கத்துது? கரண்டு பில்லை நம்மளையில்ல கட்டச் சொல்லுவான்" என்று அதன் வயரைப் பிடுங்கிவிட்டார். வீடு அமைதியானது. எல்லோரும் நன்றாகத் தூங்கினோம். போன மாதம் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள் வந்தது. முதல் முறையாகச் சொந்த முற்றம் இருக்கிறதே என்று அம்மா மலை மாதிரி முட்டைக்கோஸ் வாங்கி உப்பில் ஊற வைத்தார்கள். ஊர்ப் பெண்கள் வந்து உதவினார்கள். அவ்வளவு உப்புத் தண்ணீரையும் முற்றத்துச் சாக்கடையில் ஊற்றிக் கழுவிவிட்டோம். அந்தச் சாக்கடை எங்கே போகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லாம் செப்டிக் டேங்குக்குத்தான் போகிறது.

அதற்குப் பிறகு கக்கூஸ் பேச ஆரம்பித்தது. முதலில் தொண்டையைக் கனைப்பது போல் மெல்ல. பிறகு தண்ணீர் ஊற்றினால் கீழே இறங்காமல் மேலே வந்து நம்மைப் பார்த்துவிட்டு, யோசித்து யோசித்துத் திரும்பிப் போனது. பிறகு போவதையும் நிறுத்திவிட்டது. நாற்றத்தைப் பற்றி உங்களுக்கு எழுத எனக்குத் துணிவில்லை. அப்பா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இது வெளியே தெரியக் கூடாது, ஊருக்குப் புதுசாக வந்தவர்கள் நாம், புது வீட்டுக்காரனுக்குக் கக்கூஸ் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று பேர் வந்தால் அது உங்கள் காதுவரைக்கும் வரும் என்றார். அன்றிலிருந்து அவர் வேளைக்கு ஒரு தடவை விளையாட்டு உடை போட்டுக்கொண்டு கையை வீசிக்கொண்டு ஊர் மண்டபத்துக்கு நடைப்பயிற்சி போகிறார். அங்கே ஒரு கழிப்பறை இருக்கிறது. நான் சைக்கிளில் விவசாயச் சங்கக் கடைக்குப் போகிறேன். சும்மா போனால் நன்றாக இருக்காதே என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது வாங்குகிறேன். வீட்டில் இப்போது தீப்பெட்டி நிறைய இருக்கிறது.

கீழ்வீட்டு கியூதே அம்மா ஒருநாள் வாசலில் நின்று மூக்கை நிமிர்த்தி, "என்ன அண்ணே, என்ன கொதிக்குது வீட்ல?" என்று கேட்டார்கள். அப்பா யோசிக்காமல், சுங்குக்ஜாங் வைக்கிறோம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சோயாக் குழம்பின் வாடை உங்களுக்குத் தெரியும், அதனால் பொய் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள், "அப்படியா, என் வீட்டுக்காரருக்கு உசுரு அது. ஒரு கிண்ணம் குடுங்க" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா உள்ளே போய், பொய்யை உண்மையாக்க அவசர அவசரமாக அடுப்பைப் பற்ற வைத்தார்கள். அது கொதித்து முடியும்வரை அப்பா திண்டாடியதை நான் பார்த்தேன். கியூதே அம்மாவுக்கு அவசரமே இல்லை. குழம்பை வாங்கிக்கொண்டு போகும்போது, "கொதிக்கறதுக்கு முன்னாடிதான் வாசனை ஜாஸ்தியா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்கள்.

வேறு வழியில்லாமல் குக் வாத்தியாருக்குப் போன் போட்டோம். அப்பா பேச வெட்கப்பட்டு என் கையில் கொடுத்தார். காலேஜில் நான் படித்தது புள்ளியியல் என்று எத்தனை முறை சொன்னாலும் இந்த வீட்டில் எடுபடுவதில்லை. வாத்தியார் முதலில் கேட்டதே, "மோட்டார் ஓடுதில்ல?" என்றுதான். நான் அப்பாவைப் பார்த்தேன். "ஏம்மா, அது உள்ள இருக்கற கிருமிங்களுக்குக் காத்து ஊதற மோட்டார். அதுங்க மூச்சு விட்டாத்தானே நீங்க விட்டதைத் தின்னும்? நிறுத்திட்டீங்களா?" என்றார். உப்புத் தண்ணீரையும் சொன்னேன். உப்பு அவற்றைக் கொன்றுவிடுமாம். வாத்தியார் செத்தவர்களைப் பற்றிப் பேசும் குரலில், "எட்டு வருஷமா வளத்தேன்" என்றார். உப்பும் ஒரு காரணம் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு முகம் சற்றுத் தெளிந்தது. அம்மா அதைக் கவனித்துவிட்டார்கள்.

டேங்க் அள்ளும் வண்டிக்காரர் சனிக்கிழமை காலை வந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார், மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்றார். மூடி எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. அப்பா கம்பியால் முற்றம் முழுவதும் குத்திப் பார்த்தார். பெர்சிம்மன் மரத்தடியைத் தோண்டினார். மறுபடியும் வாத்தியாரைக் கூப்பிட்டேன். "முற்றத்துல வட்டமா ஒரு சிமெண்ட் மேடை இருக்கே, நாள் முழுக்க நல்லா வெயில் விழுமே, அதுதான்" என்றார். நானும் அப்பாவும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நல்ல வெயில் விழுந்திருந்தது. அந்த மேடையில் அம்மாவின் சோயா ஜாடிகள் எல்லாம், பெரியது பின்னால் சின்னது முன்னால் என்று, குடும்பப் போட்டோவுக்கு நிற்பது போல் நின்றுகொண்டிருந்தன.

பெரியப்பா, சூசோக்குக்கு நாங்கள் கொண்டுவந்த சோயா விழுது அந்த ஜாடியில் ஊறியதுதான். பெரியம்மா விரலில் தொட்டு நக்கிப் பார்த்து, மண்ணோட ருசி இறங்கியிருக்கு என்று பாராட்டினார்கள். நடுவில் சிமெண்ட் இருக்கிறது, மூடி இறுக்கமானது, ஜாடியோ சுட்ட மண். பயப்பட ஒன்றுமில்லை என்று வாத்தியார் உறுதி சொல்கிறார். பெரியம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

ஜாடிகளை நகர்த்தினால் வேலை முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். அப்பாவும் அப்படித்தான் நினைத்துச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். அம்மா ஜாடிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். எந்தத் திசையிலும் பேய் நடமாடாத நாள் திங்கட்கிழமைதான் வருகிறது, அதற்கு முன்னால் விழுது ஜாடியை அசைத்தால் வருடம் முழுக்கச் சாப்பாடு கெட்டுப்போகும் என்றார்கள்.

அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றார், தொக்ரே. இருபது பேர் வர்றாங்க. எங்கப்பா திதி."

"தெரியும்ங்க. அவருக்கு வைக்கற சூப்புலயும் இந்த ஜாடி சோயாதான் ஊத்தணும். கெட்டுப்போனதை ஊத்தட்டுமா?"

"அண்ணன் ஒரு தடவை கக்கூஸ்னு எழுந்தா என் கதை முடிஞ்சிது. இனிமே திதி இங்க வராது."

"ஜாடி போனா என் கதை முடிஞ்சிது. இந்த முப்பது வருஷத்துல வெயில் பட்ட இடத்துல ஒரு ஜாடி வைக்க முடிஞ்சிருக்கா நமக்கு?"

அப்பா மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே வந்து, என் முன்னால் இந்தத் தாளை வைத்தார். வண்டிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வேறு நாள் கேட்டதற்கு, செவ்வாய்க்கிழமைதான் ஒழியும் என்கிறார்.

ஆகவே பெரியப்பா, மிகுந்த வெட்கத்தோடு கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடம் மட்டும் திதி தேஜோனிலேயே நடக்கட்டும். தயவுசெய்து யாரும் இங்கே வர வேண்டாம். மீன் வறுவல், பழம், அரிசி மது எல்லாம் நாங்கள் கொண்டுவருகிறோம். ஒன்றே ஒன்று. அப்பாவால் முடியாமல் போய்விட்டது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. திதிப் படையலுக்குப் பின்னால் நிறுத்தப் புதிதாக வாங்கிய மடிப்புத் திரையை அவர் தினமும் விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார். அடுத்த வருடத்துக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பதாக நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பெரியம்மாவுக்கும், அண்ணன் அண்ணிமாருக்கும், குழந்தைகளுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குளிரில் வெளியே போகாதீர்கள். நீண்ட ஆயுளோடும் நல்ல செரிமானத்தோடும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தம்பி மகள்,
பியோ ஹேவொன்

பின்குறிப்பு: மேலே வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். இதை மடித்துத் தபாலுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஊர் ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது. ஊர்த் தலைவர் தாக் வழக்கமாக உர மூட்டை வந்திருப்பதைத்தான் சொல்வார். இன்று சொன்னதைக் கேட்டபடியே எழுதுகிறேன். "ஆ, ஆ, கேக்குதா? மேல்வீட்டு பியோ வீட்ல ஞாயித்துக்கிழமை அப்பா திதி. டேங்க் ரொம்பி நிக்குது. வீட்டம்மா ஜாடியை நகத்த மாட்டாங்க, சரியாத்தான் சொல்றாங்க, நாள் நல்லால்ல. அதனால வர்ற விருந்தாளிங்களை வீட்டுக்கு ரெண்டு பேரா பிரிச்சுக்கறோம். எல்லாரும் கக்கூஸைக் கழுவி வைங்க. கியூதே வீட்ல பல்பு எரியல, மாத்துங்க." எப்போதும் போல் இதையே இரண்டாவது தடவையும் சொன்னார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து ஊருக்கும் கேட்டிருக்கும். அப்பா விளக்குமாற்றோடு முற்றத்தில் அப்படியே நின்றார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நான்தான் போய்ச் சொன்னேன்" என்றார்கள். வீடு இடிந்து விழப்போகிறது என்று நான் சுவரோரமாக ஒதுங்கினேன். அப்பா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "அண்ணனுக்கு யார் வீடாம்?" என்று கேட்டார். உங்களுக்குத் தலைவர் வீடே ஒதுக்கியிருக்கிறார்கள், பெரியப்பா. அங்கே கக்கூஸில் உட்காரும் இடம் மின்சாரத்தில் சூடாகுமாம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தவறாமல் வந்துவிடுங்கள். அப்பா இப்போது வீட்டில் இல்லை. சூடு உங்களுக்குச் சரியாக இருக்குமா என்று உட்கார்ந்து பார்க்கப் போயிருக்கிறார்.